அந்தச் சைக்கிளை நான் விற்கவில்லை

தம்பி,

இதைப் போனில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நான்கு தடவை உன்னைக் கூப்பிட்டேன். நான்கு தடவையும் அங்கே மழையா, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நான் பாதி சொல்லும்போதே நீ "சரி விடும்மா" என்பாய். அந்த வார்த்தை காதில் விழுந்தால் நானும் விட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். கிராம சுகாதார நர்ஸாக முப்பத்தோரு வருஷம் பதிவேடு எழுதிய கை இது. பிரசவம், தடுப்பூசி, பிள்ளைகளின் எடை என்று ஊரில் எல்லோரைப் பற்றியும் விடுபடாமல் எழுதியிருக்கிறேன். என்னைப் பற்றி எழுதுவது இதுதான் முதல் தடவை. முழுக்கப் படித்துவிட்டுக் கூப்பிடு.

போன மாதம் நீ சொன்னது நினைவிருக்கும். "தைக்கு முன்னாடி வீட்டுக்கு வெள்ளையடிக்கணும்ல. என் ரூம்ல தொங்குற கார்பன் சைக்கிள ஒழிச்சு விட்டுரும்மா. ரிப்பேர் பண்ண முடியும்னா பண்ணு, இல்லேன்னா வந்த வெலைக்கு வித்துரு. உன் இஷ்டம்." பூனாவில் உனக்கு வேறு சைக்கிள் இருக்கிறது, வேறு நண்பர்கள் இருக்கிறார்கள், ஞாயிறுதோறும் ஏற வேறு மலை இருக்கிறது. சுவரில் தொங்குகிற விரிசல் விட்ட சைக்கிள் உனக்கு எதற்கு? அன்றைக்கே, தையில் நடக்கிற உன் கல்யாணத்துக்கு அழைக்க வேண்டியவர்கள் பட்டியலையும் அனுப்பினாய். பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்தப் பட்டியலை மூன்று முறை படித்தேன். பள்ளிக்கூடச் சேக்காளிகள் பதினோரு பேர் இருந்தார்கள். வீரசோழன் காஜா இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து உன் தட்டில் சாப்பிட்டவன், இந்தக் கார்பன் சைக்கிளை வாங்க உன்னோடு மதுரைக்கு வந்து, நீ ஓட்டிவர, பின்னாலேயே பைக்கில் காவல் போல வந்தவன், அவன் பெயர் இல்லை. சைக்கிளை ஒழிப்பதும் காஜா பெயர் விடுபட்டதும் ஒரே விஷயம் என்பது எனக்கு ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் அது. நீ பூனாவுக்குப் போய் ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது. காஜா ஏதோ இருநூறு கிலோமீட்டர் ஓட்டத்துக்காக உன்னிடம் கேட்டு ஆடி மாதத்தில் சைக்கிளைக் கொண்டுபோனான். ஓட்டி முடித்து, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, உன் அறையில் கொண்டுவந்து மாட்டினான். அடுத்த வாரம் நான் அறையைக் கூட்டும்போது அதை நகர்த்தத் தூக்கினேன். ஒற்றைக் கையில் வந்துவிட்டது. நான் தூக்கிப் பழகிய சைக்கிள் வேறு. வேலையில் சேர்ந்த புதிதில் தடுப்பூசிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு மழை நாளில் கரிசல் பாதையில் இறங்கினால், சக்கரத்தில் மண் அப்பிக்கொண்டு நகராது. அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போவேன். இரும்பு என்றால் இரும்பு. இதுவோ எட்டு மாதப் பிள்ளையின் எடை. எத்தனை ஆயிரம் பிள்ளைகளைத் தராசில் தொங்கவிட்டிருக்கிறேன், கைக்குத் தெரியாதா? கூட்டுவதை விட்டுவிட்டு அதைப் பிடித்தபடி நின்றேன். வெயில் ஜன்னல் வழியாக வந்து அந்தக் கறுப்பில் விழுந்து, கறுப்புக்குள் நூல் நூலாக ஏதோ நெளிந்தது. நெய்த துணியை உள்ளே வைத்து மூடியது போல.

மறுநாள் விடிவதற்குள் எழுந்தேன். உங்கப்பாவுக்குக் காலை ஷிப்டு, பருத்தி மில்லுக்குப் போய்விட்டார். சுடிதாரைப் போட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி, வாக்கிங் போகிற கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டேன். உனக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே உயரம். சீட்டை மட்டும் இரண்டு விரற்கடை இறக்க வேண்டியிருந்தது. பழைய உயரத்தை மறந்துவிடக் கூடாது என்று காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை அடையாளமாக ஒட்டி வைத்தேன். அதிலிருந்தே தெரியும், நான் தெரிந்துதான் ஒளித்தேன்.

அந்த ஒரு மாதத்தை இப்போது நினைத்தால், நடந்ததா, கனாக் கண்டதா என்று எனக்கே நிச்சயமில்லை. திருச்சுழி ரோட்டில் அந்த நேரத்தில் ஒன்றும் இருக்காது. இரண்டு பக்கமும் கரிசல் காடு விரிந்து கிடக்கும். எங்கே காடு முடிந்து வானம் தொடங்குகிறது என்று தெரியாத ஒரு சாம்பல் நிறம். சக்கரத்தின் சத்தம் கூட இல்லை. நான் மிதிக்கிறேனா, ரோடு என்னை இழுத்துக்கொண்டு போகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கருவேலங்காட்டில் மயில் ஒன்று அகவும், அது எனக்குப் பின்னால் போனபிறகுதான் கேட்டதே தெரியும். ரோட்டிலிருந்து பாதை பிரிகிற ஒவ்வொரு விலக்கிலும் எனக்கு ஒரு ஊர் இருந்தது. இந்தப் பாதையில் போனால் இரட்டைப் பிள்ளை பெற்றவள் வீடு. அந்தப் பனைமரத்துக்கு அப்பால் ஊசிக்குப் பயந்து தானியக் குலுக்கைக்குள் ஒளிந்துகொண்டவன் வீடு. அவர்கள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்க, நான் அவர்களைத் தொந்தரவு செய்யாமல், எந்தக் கதவையும் தட்டாமல், எந்தப் பெயரையும் எழுதாமல் கடந்து போனேன். முப்பத்தோரு வருஷத்தில் இந்த ரோட்டில் நான் எதற்காகவும் இல்லாமல் போனது அப்போதுதான். குண்டாற்றுப் பாலம் வரைக்கும் போய், ஆற்று மணலில் வெளிச்சம் இறங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். வீட்டுக்கு வந்து சைக்கிளைத் துடைத்து, சீட்டை உயர்த்தி, மாட்டிவிட்டு, குளித்து, இட்லிக்கு ஊற்றிவிட்டால், நடந்ததற்குச் சாட்சியே இல்லை.

உன்னிடம் சொல்லியிருந்தால் நீ சந்தோஷப்பட்டிருப்பாய், தெரியும். நீ சந்தோஷப்படுவாய், நண்பர்களிடம் சொல்வாய், போட்டோ கேட்பாய். அப்புறம் அது உன்னுடையதாகிவிடும். அம்மா சைக்கிள் ஓட்டுகிறாள் என்கிற உன் செய்தியாகிவிடும். எனக்கே எனக்கென்று ஒன்று இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைத்தேன். அந்த ஆசையில் தப்பில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். தப்பு அதற்குப் பிறகு நடந்தது.

புரட்டாசியில் ஒரு நாள் முதல் மழை லேசாகத் தூறிவிட்டுப் போயிருந்தது. திரும்பி வரும்போது ரோட்டோரம் கரிசல் மண் ஏறிக் கிடந்தது. ஓர் ஆடு குறுக்கே ஓடியது. உன் பெடல் அதற்கென்று உள்ள பூட்ஸைப் பூட்டிக்கொள்கிற வகை, கேன்வாஸ் ஷூ அதில் வழுக்கிக்கொண்டே இருக்கும். கால் நழுவியது. நான் மண்ணில் விழுந்தேன், சைக்கிள் மைல்கல்லில் விழுந்தது. முழங்கை தேய்ந்தது, இடுப்பில் ஒரு வாரம் வலி. எழுந்ததும் என்னைப் பார்க்கவில்லை, சைக்கிளைத்தான் பார்த்தேன். மேல் பாரில் கட்டைவிரல் நகம் அளவு பெயிண்ட் உரிந்து, அதன் நடுவில் தலைமுடி போல ஒரு கோடு. இரும்பாக இருந்தால் நசுங்கியிருக்கும், பார்த்தால் தெரியும். இது ஒன்றும் ஆகாதது போல இருந்தது. ஒன்றும் ஆகவில்லை என்று நானும் முடிவு செய்தேன். உங்கப்பாவிடம் பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்றேன். கடைத்தெருவில் கறுப்பு நகப்பூச்சு ஒரு பாட்டில் வாங்கிவந்து அந்த இடத்தில் மூன்று பூச்சுப் பூசினேன். நகப்பூச்சு வாங்கியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கடைக்காரப் பெண் "யாருக்கும்மா?" என்று கேட்டாள். "சும்மாதான்" என்றேன்.

தீபாவளிக்கு நீ வந்தாய். முற்றத்தில் வைத்துச் சைக்கிளைக் கழுவினாய். நான் அடுப்படியில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தேன். தண்ணீர் சத்தம் நின்றது.

"அம்மா, இங்க வா. இத யாரோ மேல பூசியிருக்காங்க. உள்ள கிராக் இருக்கு."

நான் மாவுக் கையோடு வந்து நின்றேன். சொல்ல வாயைத் திறந்தேன், இதை நீ நம்ப வேண்டும். அதற்குள் நீயே சொன்னாய், "காஜாதான் கடைசியா எடுத்தான், இல்ல?"

நான் சொன்ன பதில் ஒவ்வோர் எழுத்தும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "ஆமா, அவன்தான் கொண்டு போனான். அவன்தான் கொண்டுவந்து மாட்டுனான்." அதில் ஒரு சொல் கூடப் பொய்யில்லை, தம்பி. பொய்யில்லாத சொற்களை மட்டும் பொறுக்கி எடுத்து நான் சொன்ன பொய் அது. மாசமாக இருக்கிற பெண்களிடம், "எங்கிட்ட எதையும் மறைக்காத, மறைச்சா புள்ளைக்குத்தான் ஆபத்து" என்று வீடு வீடாகச் சொன்னவள் நான். நீ போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாய். "ஏலே, போட்டுட்டு மூடி வேற வச்சிருக்க, சொல்லியிருந்தா என்ன கொன்னா போட்டிருப்பேன்?" என்று நீ கத்தியது கீழே கேட்டது. எண்ணெய் காய்ந்து புகைந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். மாடிப்படி பதினான்கு. ஏறி வந்திருக்கலாம்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம். ஒரு மாதம் போனபின் சொல்வது முதல் நாள் சொல்வதைவிடக் கஷ்டம், ஒரு வருஷம் போனபின் இன்னும் கஷ்டம். உன் கோபம் ஆறிவிடும், நீங்களே பேசிக்கொள்வீர்கள் என்று இருந்தேன். நீங்கள் பேசிக்கொள்ளவில்லை. நானும் சைக்கிளில் ஏறவில்லை. ஆனால் கனவில் ஏறினேன். கனவில் ரோடு முடியவே முடியாது. பாலம் வராது, ஆடும் வராது. மிதித்துக்கொண்டே இருப்பேன். காலையில் கால் வலிக்கும்.

நீ விற்கச் சொன்ன பிறகு, கோயம்புத்தூரில் கார்பன் ஃபிரேம் சரிசெய்கிற ஒருவரின் நம்பரை எடுத்துக் கூப்பிட்டேன். போட்டோ அனுப்பினேன். "போட்டோவ வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்கம்மா" என்றார். "ஒரு ரூவாக் காசு எடுத்து மெதுவா தட்டிப் பாருங்க. நல்ல எடத்துல டிக் டிக்னு கேக்கும். உள்ள விரிசல் விட்டுருந்தா பொத்துனு கேக்கும். இரும்பு வளைஞ்சு காட்டிட்டுத்தான் ஒடையும். இது காட்டாதுங்க. ஓட்டுறப்ப ஒரே நிமிஷத்துல போயிரும்." நான் என் பழைய ஸ்டெதஸ்கோப்பை எடுத்தேன். சிரிக்காதே. பாரின் ஒரு முனையில் வைத்துக் காதில் மாட்டிக்கொண்டு, காசால் விரற்கடை விரற்கடையாகத் தட்டிக்கொண்டு வந்தேன். டிக், டிக், டிக். கோட்டுக்கு இன்னும் மூன்று விரல் தூரம் இருக்கும்போதே சத்தம் செத்தது. கோட்டைத் தாண்டியும் மூன்று விரல் தூரம் அப்படியே. வெளியே ஒரு முடி, உள்ளே உள்ளங்கை அகலம். தீபாவளிக்கு நீ அதைக் கழுவாமல், பார்க்காமல், அப்படியே ஏறி வேகமாகப் போயிருந்தால்? அந்த எண்ணம் வந்ததும் காதிலிருந்து அதைக் கழற்றவே எனக்குக் கை வரவில்லை.

எனக்கு உதவியாக நீ நெட்டில் போட்ட விளம்பரத்தைப் பார்த்துவிட்டு பந்தல்குடியிலிருந்து ஒரு பெண் வந்தாள். அங்கே பேங்கில் வேலை, இருபத்தைந்து வயதிருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண் உள்ளே சைக்கிளைத் தேடியது. விரிசலைக் காட்டினேன். காசால் தட்டியும் காட்டினேன்.

"அது பரவால்லம்மா. எங்க ஊர்ல லாரிக்கு டிங்கரிங் பாக்குற அண்ணன் இருக்காரு. பட்டி போட்டு, தேச்சு, பெயிண்ட் அடிச்சுட்டா தெரியவே தெரியாது. புதுசு நம்மளால வாங்க முடியுமா? நீங்க வெலைய மட்டும் சொல்லுங்க."

தெரியவே தெரியாது என்று அவள் சொன்ன மாதிரிதான் நானும் மூன்று பூச்சுப் பூசினேன். "வேண்டாம்மா, இத நான் விக்கல. பட்டி போட்டா மூடும், தாங்காது. தூத்துக்குடி ரோட்டுல லாரிக்கு நடுவுல நீ போறப்ப ஒடைஞ்சா என்ன பண்ணுவ?" என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. போகாமல் பாரைத் தடவிக்கொண்டே கேட்டாள், "இவ்வளவு நல்ல சைக்கிள எப்படிம்மா போட்டீக? உங்க மகனா விழுந்தாக?"

அவளிடம் பொய் சொல்ல எந்த அவசியமும் இல்லை. அதனால்தானோ என்னவோ உண்மை வந்துவிட்டது. "இல்லம்மா. நான்தான் விழுந்தேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களா? இதுலயா? எம்புட்டுத் தூரம் போனீக?"

தம்பி, இரண்டு வருஷமாக யாராவது கண்டுபிடித்து, ஏன் எடுத்தாய், ஏன் மறைத்தாய் என்று கேட்பார்கள் என்று பதில் தயார் செய்து வைத்திருந்தேன். எவ்வளவு தூரம் போனாய் என்று ஒருவர் கேட்பார் என்று நான் நினைக்கவே இல்லை. "திருச்சுழி ஆத்துப்பாலம் வரைக்கும்" என்றேன். "போயிட்டுத் திரும்பியுமா?" என்றாள். "திரும்பியும்தான். தெனமும்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண் பாவம், சைக்கிள் வாங்க வந்த இடத்தில் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்து, அரை மணி நேரம் எதிரே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் உங்கப்பாவிடம் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக் குடித்து முடித்துவிட்டு, "பாத்ரூம்ல வழுக்குனவ முதுகுல கரிசமண்ணு எப்படி வந்துச்சுன்னு அன்னைக்கே நெனச்சேன்" என்றார். "அப்பக் கேட்டிருக்கலாம்ல?" என்றேன். "நீயா சொல்லுவன்னு இருந்தேன்" என்றார். இந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான் இருந்திருக்கிறோம். அடுத்தவர் சொல்லட்டும் என்று. உன் கல்யாணத்துக்கு நான் தருகிற புத்தி ஒன்று உண்டென்றால் இதுதான்: உன்னோடு வாழ வருகிறவள் முகத்தில் ஏதாவது மாறுதல் தெரிந்தால், அவளாகச் சொல்வாள் என்று இருக்காதே. கேட்டுவிடு.

மறுநாள் வீரசோழனுக்குப் பஸ் ஏறினேன். திருச்சுழி ரோட்டில்தான் பஸ் போயிற்று. ஜன்னலோரம் உட்கார்ந்து நான் விழுந்த இடத்தைத் தேடினேன். மைல்கல்லுக்குப் புது வர்ணம் பூசியிருந்தார்கள். காஜா இப்போது அவனுடைய வாப்பாவின் ஹார்டுவேர் கடையைப் பார்த்துக்கொள்கிறான். நான் படியேறியதும் எழுந்து நின்றான். "வாங்கம்மா" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். பிறகு என் கைப்பையைப் பார்த்தான்.

"பத்திரிக குடுக்க வந்தீங்களாம்மா?"

"இல்லப்பா. வேற ஒண்ணு சொல்ல வந்தேன்."

சொன்னேன். நடுவில் ஓர் ஆள் ஆணி வாங்க வந்தார். காஜா அரைக் கிலோ நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தான். அவர் போனபின் மிச்சத்தைச் சொன்னேன். தராசையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்லம்மா" என்றான் கடைசியில். "நீங்க பயந்துட்டீங்க. அவன் 'போட்டியா'ன்னு கேட்டிருந்தா 'இல்லலே'ன்னு சொல்லியிருப்பேன், முடிஞ்சு போயிருக்கும். அவன் கேக்கலம்மா. 'போட்டுட்ட'ன்னுட்டான்." ஆணிப் பெட்டியை மூடி வைத்துவிட்டுச் சொன்னான், "அதக்கூட விடுங்க. அவன் அவ்வளவு உறுதியாச் சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. எங்கயாச்சும் சாச்சு வைக்கும்போது இடிச்சிருப்பனோ, டீக்கடையில எவனும் தள்ளிவிட்டிருப்பானோன்னு அந்த எரநூறு கிலோமீட்டரையும் மனசுக்குள்ள எத்தன தடவ ஓட்டிப் பாத்திருப்பேன் தெரியுமாம்மா? அதுக்கப்புறம் என் சைக்கிள்லயும் ஏறல. ஏறுனா அந்த நெனப்புத்தான் வருது."

நான் கனவில் ஓட்டிக்கொண்டிருந்த அதே இரண்டு வருஷம், அவன் தான் செய்யாத தப்பைத் தேடி ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறான். மன்னிப்புக் கேட்டேன். "அய்யோ அம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டான், ஆனால் சரி என்று சொல்லவில்லை. சொல்லாதது எனக்குப் பிடித்திருந்தது. உடனே சரி என்றிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "அந்த ஃபிரேம என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டான். "கோயம்புத்தூருக்குக் கொண்டு போறேன்" என்றேன். "எல்லாத்தையும் கழட்டத் தெரியுமா உங்களுக்கு?" என்றான். "தெரியாது." தலையைச் சொறிந்தான். "ஞாயித்துக்கெழம வாரேன்."

வந்தான். முற்றத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, தனித்தனிக் கவரில் போட்டு, மேலே எழுதி வைத்தான். வெறும் ஃபிரேமை என் கையில் கொடுத்தபோது ஒரு கிலோதான் இருந்தது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளையை வாங்குவது போலத்தான் வாங்கினேன். பெட்ஷீட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கோயம்புத்தூர் போனேன். ஃபிரேம் சரிசெய்கிறவர் என் எதிரிலேயே நகப்பூச்சைச் சுரண்டினார். அதன் கீழே பெயிண்டைத் தேய்த்தார். அதன் கீழே ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்த கார்பன் துணி இருந்தது. கெட்டுப்போன அடுக்குகளை மெலிசாக, மெலிசாக, நல்ல இடம் வருகிற வரைக்கும் எடுத்துக்கொண்டே போனார். பாதிக்கு மேல் போனபோது எனக்குப் பயமாகிவிட்டது. "இவ்வளவு எடுக்கணுமா?" என்றேன். "கெட்டத வச்சுக்கிட்டு மேல ஒட்டுனா நிக்காதுங்கம்மா" என்றார். பிறகு புதுத் துணியைப் பிசினில் நனைத்து, ஒவ்வோர் அடுக்கும் முந்தினதைவிடக் கொஞ்சம் அகலமாகச் சுற்றினார். சூடு காட்டி இறுக வைக்க வேண்டும் என்று ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். திரும்பப் போய் வாங்கும்போது நானே காசால் தட்டிப் பார்த்தேன். முனையிலிருந்து முனை வரை ஒரே சத்தம். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை தட்டினேன்.

இனி நீ சொன்ன "உன் இஷ்டம்" என்பதற்கு என் பதில். இதை விற்க மாட்டேன். உனக்கு வேண்டும் என்றால் எடுத்துக்கொள், அது உன்னுடையது. வேண்டாம் என்றால் யாருக்கும் கொடுத்துவிடாதே, எனக்குக் கொடு. கேட்டு வாங்கிக்கொள்கிறேன். இந்த முறை எல்லோருக்கும் தெரிந்து ஓட்டுவேன். நீ போட்டோ கேட்டாலும் தருவேன். பத்திரிகை அச்சாவதை ஒரு வாரம் நிறுத்தி வைத்திருக்கிறேன். உன் பெயரில் நான் யாரையும் அழைக்கப் போவதில்லை. அது நான் செய்து முடிக்கிற காரியம் இல்லை.

போன ஞாயிறு காஜா மறுபடி வந்து எல்லாவற்றையும் பூட்டினான். உன் பெடலுக்குப் பதிலாகத் தட்டையான பெடல் ஒரு ஜோடி கொண்டுவந்திருந்தான். "புதுசா வாங்குனியா?" என்று கேட்டேன். "என் சைக்கிள்ல கெடந்ததும்மா. அங்க சும்மாதானே கெடக்கு" என்றான். வெயில் தாழ்ந்திருந்தது. ரோட்டுக்குக் கொண்டுபோனோம். முதலில் மெதுவாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்று கோயம்புத்தூர்க்காரர் சொல்லியிருந்தார். நான் ஏறினேன். உங்கப்பா கையைக் கட்டிக்கொண்டு நிற்க, காஜா பாதி தூரம் கூடவே ஓடிவந்தான். விலக்கு வரை போனேன். இரண்டு பக்கமும் மழைக்கு முளைத்த பருத்தி இரண்டு இலை விட்டிருந்தது. கரிசல் ஈரமாக மணந்தது. வண்டி எந்தச் சத்தமும் போடவில்லை. திரும்பி வந்து இறங்கி, ஹேண்டில்பாரை அவன் பக்கம் நீட்டினேன்.

"நீயும் ஒரு சுத்துப் போயிட்டு வாயேன்."

கையை நீட்டினான். சீட்டைத் தொட்டான். பிறகு கையை எடுத்துவிட்டான்.

"இல்லம்மா. சைக்கிளுக்குச் சொந்தக்காரன் சொல்லட்டும்."

பைக்கை ஸ்டார்ட் செய்து திருச்சுழிப் பக்கம் போனான். தூரத்தில் புள்ளியாகிறவரை நாங்கள் இரண்டு பேரும் ரோட்டில் நின்றோம்.

அவனுடைய பழைய நம்பர்தான். வெள்ளிக்கிழமை மட்டும் கடையை மதியத்துக்கு மேல்தான் திறப்பான். மற்ற நாளெல்லாம் காலையில் ஒன்பது மணிக்கு.

அம்மா